கறிக்கு ஏற்ற கரி அடுப்பு: வீட்டுக்கு எந்த அளவு ஸ்மோக்கர் வாங்குவது?

மே மாதம் பிறந்தால் போதும், ஆஸ்டின் சுற்றுவட்டார நண்பர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வரும்: "ஸ்மோக்கர் வாங்கலாம்னு இருக்கோம், எந்த சைஸ் எடுக்கலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது. மூன்று அளவையும் வீட்டில் வைத்துப் பார்த்தவன் என்ற முறையில், திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். டெக்ஸஸ் கடைகளில் எல்லாமே அங்குலமும் பவுண்டும்தான் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஸ்மோக்கர் என்பது கிரில்லிலிருந்து எப்படி வேறு?

கிரில்லில் கறி தணலுக்கு நேர் மேலே கிடக்கும். அரை மணிக்குள் வேலை முடியும். ஸ்மோக்கரில் தணலுக்கும் கறிக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான மிதமான சூட்டில், அதாவது 107 முதல் 135 டிகிரி செல்சியஸில், மணிக்கணக்காகப் புகையோடு வேகும். நாரும் சவ்வுமாக இருக்கிற கறி அப்படி வெந்தால்தான் பஞ்சு போல ஆகும்.

14, 18, 22 என்கிறார்களே, அது எதனுடைய அளவு?

வெபர் கம்பெனியின் ஸ்மோக்கி மவுன்டன் என்ற ரகத்தை வைத்துச் சொல்கிறேன். இங்கே பாதிப் பேர் கேட்பது அதைப் பற்றித்தான். 1981இல் சந்தைக்கு வந்தது. நிமிர்த்தி வைத்த துப்பாக்கித் தோட்டா போல இருப்பதால் இந்த மாதிரி ஸ்மோக்கர்களுக்கு 'புல்லட்' என்றே பெயர். கீழே கரி, அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேல் இரண்டு கம்பித்தட்டுகள், தலையில் மூடி.

பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் வெளி விட்டத்தை ஒட்டியது. உள்ளே கறி கிடக்கிற கம்பித்தட்டு அதைவிடச் சின்னது: முறையே 13.5, 17.5, 21.5 அங்குலம். விளம்பரத்தில் 286, 481, 726 சதுர அங்குலம் என்று போடுவார்கள். அது இரண்டு தட்டையும் கூட்டிய கணக்கு. கோழியை அடுக்கும்போது இந்தக் கூட்டல் சரி. நீளமான ஒரே துண்டை வைக்கும்போது அர்த்தமில்லாதது. மூன்றடி பெஞ்சு இரண்டு இருந்தால் ஆறடி ஆள் படுத்துவிட முடியுமா?

இன்னொன்று, எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 18க்கும் 22க்கும் நாலு அங்குலம்தானே என்று தோன்றும். வட்டம் அப்படி வளர்வதில்லை. பரப்பளவு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது.

வீட்டில் நாலு பேர். எது போதும்?

18. ஆளை எண்ணிச் சொல்லவில்லை. நாலு பேர் சாப்பாட்டுக்கு 14 அங்குலமே போதும்: மேல் தட்டில் ஒரு முழுக் கோழி, கீழே எட்டு பவுண்டு பன்றித் தோள்பட்டை என்று தாராளமாக வைக்கலாம். ஆனால் கடையில் கறி உங்கள் குடும்ப அளவுக்கு வெட்டி வருவதில்லை. ஒரு பன்றி விலா அடுக்கு பதினாலு, பதினாறு அங்குல நீளம் இருக்கும், 13.5 அங்குலத் தட்டில் அதைப் படுக்க வைக்க முடியாது, இரண்டாக வெட்ட வேண்டும், அல்லது சுருட்டிக் குச்சியால் குத்தி வைக்க வேண்டும். நான்கூட ஒரு வருடம் 14 வைத்திருந்தேன். முறுக்குச் சுற்றுவது போல விலாவைச் சுற்றிச் சுற்றி அலுத்துத்தான் விட்டேன்.

14 யாருக்குப் பொருந்தும் என்றால், இரண்டே பேர் இருக்கிற வீடு, காரில் போட்டுக்கொண்டு முகாமுக்குப் போகிறவர்கள், கோழியைத் தவிர வேறு எதையும் வைக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தவர்கள்.

பொங்கல், பிறந்தநாள் என்றால் இருபத்தைந்து பேர் வருவார்களே?

முதலில் கறிக் கணக்கைப் பார்ப்போம். ஸ்மோக்கரில் வைத்த கறி நிறையக் குறையும். பிரிஸ்கெட் என்ற மாட்டு மார்புக் கறியில் கொழுப்பைச் சீவி, வேகவைத்து எடுத்தால் வாங்கிய எடையில் ஏறத்தாழப் பாதிதான் தட்டுக்கு வரும். பன்றித் தோள்பட்டையும் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அமெரிக்கர்கள் ஆளுக்கு அரை பவுண்டு வெந்த கறி என்று வைத்து, பச்சைக் கறியில் ஆளுக்கு ஒரு பவுண்டு வாங்குவார்கள். இருபத்தைந்து பேருக்கு இருபத்தைந்து பவுண்டு.

நம் வீடுகளில் அவ்வளவு போகாது. பக்கத்தில் பிரியாணி அண்டா இருக்கும், தயிர்ச்சாதம் இருக்கும், யாராவது ஒரு அத்தை கேட்காமலே வடை சுட்டுக் கொண்டுவந்திருப்பார். கறி தொட்டுக்கொள்ளத்தான். என் அனுபவத்தில் அமெரிக்கக் கணக்கில் பாதி போதும். பன்னிரண்டு, பதிமூன்று பவுண்டு பச்சைக் கறியை 18 அங்குலத்தின் இரண்டு தட்டுகளும் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். தோள்பட்டை என்றால் நாலு துண்டுகூட வைக்கலாம்.

தவிர, புகையில் வெந்த தோள்பட்டையை முதல் நாளே செய்து, உதிர்த்து, ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் மூடிச் சூடாக்கினால் ருசி கெடாது. வருடத்தில் இரண்டு நாள் வருகிற கூட்டத்துக்காக மீதி 363 நாளும் பெரிய அடுப்பைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

மாதம் ஒரு தடவை சங்கத்துக்கோ கோயில் மைதானச் சந்தைக்கோ நீங்கள்தான் கறி வைக்கிறீர்கள் என்றால் அது வேறு கதை. 22 வாங்குங்கள்.

பெரிதாக வாங்கி வைத்தால் சின்னதாகவும் சமைக்கலாமே? சின்னதைத்தான் பெரிதாக்க முடியாது!

இதை நம்பித்தான் நான் முதலில் 22 வாங்கினேன். குக்கர், ஃப்ரிட்ஜ், சட்டை, எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிற குடும்பத்தில் பிறந்த பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டே இரண்டு கோழி. கரியைக் கொட்டினேன், பற்றவைத்தேன், சூடு 200ஐத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் கொட்டினேன். கோழி வெந்து எடுத்த பிறகும் கரி மூன்று மணி நேரம் கனகனவென்று எரிந்துகொண்டிருந்தது. மனைவி வெளியே வந்து காலி மூட்டையைக் காலால் தள்ளிப் பார்த்து, "ரெண்டு கோழிக்கு ஒரு மூட்டைக் கரியா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை.

காரணம் எளிது. அடுப்பு எரிக்கிற கரியில் கறிக்குப் போகிற சூடு கொஞ்சம்தான். பெரும்பகுதி தகரச் சுவர் வழியாக வெளியே போகிறது. 22 அங்குலத்தின் உயரம் ஏறத்தாழ 48 அங்குலம், 18இன் உயரம் 41. சுற்றளவையும் சேர்த்துப் பார்த்தால் வெளிச் சுவரின் பரப்பு கிட்டத்தட்ட 1.4 மடங்கு. உள்ளே ஒரு கோழி இருந்தாலும் பத்து இருந்தாலும் அந்தச் சுவரைச் சூடாக வைத்திருக்கத்தான் வேண்டும். குளிர்காலத்தில், காற்றடிக்கிற நாளில் இன்னும் மோசம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: வேலை முடிந்ததும் மேலும் கீழும் உள்ள காற்றுத்துளைகளை எல்லாம் மூடினால் தணல் அணைந்துவிடும், மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு உதவும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகும் 22இன் பசி அடங்கவில்லை என்பதுதான் உண்மை. பக்கத்துத் தெருவில் மூன்று பிள்ளைகளும் கால்பந்து விளையாடுகிற ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அது சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு தடவைக்குக் கரி எவ்வளவு ஆகும்?

18 அங்குலத்தின் கரி வளையத்தை வழிய நிரப்பினால் கடையில் விற்கிற 16 பவுண்டு மூட்டை ஏறத்தாழ முழுதும் போகும். மிதமான சூட்டில் அது பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்கும். 22க்கு அதைவிடக் கூடுதல். 14க்கு இதில் பாதி போதும், ஆனால் ஆறேழு மணி நேரத்தில் கையேந்தும். ராத்திரி எழுந்து கரி போட வேண்டியிருக்கும்.

எல்லாக் கரியையும் ஒரேயடியாகப் பற்றவைக்கக் கூடாது. பற்றாத கரியை நிரப்பி, அதன் தலையில் நன்றாகக் கனன்ற இருபது துண்டை மட்டும் வைத்தால், தீ மேலிருந்து மெதுவாகக் கீழே இறங்கும். இதற்கு 'மினியன் முறை' என்று பெயர்; ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையல்காரர் பெயரால் வந்தது. இது தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

கரியில் இரண்டு வகை. ஒரே அளவாக அழுத்திச் செய்த பிரிக்கெட் நிதானமாக எரியும். மரத்தை அப்படியே சுட்ட கட்டைக்கரி சூடாக, வேகமாக எரியும், சாம்பல் குறைவு. புல்லட்டுக்கு பிரிக்கெட்தான் என் தேர்வு. அதில் பிரபலமான கிங்ஸ்ஃபோர்டு கரி, கார் செய்த ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டுகளிலிருந்து பிறந்தது என்பது சும்மா ஒரு தகவல்.

18 அங்குலத்தில் முழு பிரிஸ்கெட் நுழையுமா?

டெக்ஸஸில் இருந்துகொண்டு இதைக் கேட்காதவர் இல்லை. காஸ்ட்கோவில் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டிய முழு பிரிஸ்கெட் பன்னிரண்டு முதல் பதினாறு பவுண்டு வரை இருக்கும். நீளம் பதினெட்டு, இருபது அங்குலம். தட்டு 17.5. கணக்குப்படி நுழையாது. நடைமுறையில் நுழையும்.

கொழுப்பைச் சீவும்போது மெல்லிய முனையில் இரண்டு அங்குலத்தைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். அது எப்படியும் காய்ந்து வறட்டியாகத்தான் போகும், இப்போதே எடுத்தால் கைமாவுக்கு ஆகும். பிறகு தட்டின் நடுவில் கைமுஷ்டி அளவு மரக்கட்டை ஒன்றை வைத்து, அதன் மேல் பிரிஸ்கெட்டைப் பாலம் போல வளைத்துப் போடுங்கள். இரண்டு முனையும் தொங்கும், விளிம்புக்குள் அடங்கும். மூன்று, நாலு மணி நேரத்தில் கறி தானாகச் சுருங்கும். இடுக்கியால் தூக்கிக் கட்டையை உருவிவிட்டால் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். சுவரை மட்டும் தொடக் கூடாது, தொட்ட இடம் கருகும்.

பாதி வழியில், கறியின் உள்சூடு 150, 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வந்து மணிக்கணக்காக நகராமல் நிற்கும். புதியவர்கள் பயந்து காற்றுத்துளையை முழுக்கத் திறந்துவிடுவார்கள். பயப்பட ஒன்றுமில்லை. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே வித்தைதான்: கறியின் மேல் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் சூடு ஏறவில்லை. 203 டிகிரி வாக்கில் கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும் வரை பொறுமைதான். பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகும், கரி அதுவரை தாங்க வேண்டும். 14ஐ நான் தயங்குவதற்கு இதுவும் காரணம்.

வாரா வாரம் பிரிஸ்கெட்தான் என்பவர்களுக்கு இந்தக் கட்டை வித்தை சலித்துவிடும். அவர்கள் 22 வாங்கலாம், தப்பில்லை.

மாடும் பன்றியும் எங்கள் வீட்டில் கிடையாது. எங்களுக்கு எந்த அளவு?

கோழி, ஆட்டுத் தொடை, வான்கோழி என்றால் 18க்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

கோழி குறைந்த சூட்டில் வெந்தால் தோல் ரப்பர் போல ஆகும். தண்ணீர்த் தட்டைக் காலியாக விட்டு 300 டிகிரிக்கு மேல் ஓட்டுங்கள். உள்சூடு 165 ஆக வேண்டும். இந்தச் சூடு சின்ன அடுப்பில் சீக்கிரம் வரும். நன்றி தெரிவிக்கும் நாள் வான்கோழிக்குப் பார்க்க வேண்டியது உயரம். மேல் தட்டில் மூடியின் கூரைக்குக் கீழே உட்கார வேண்டும். 18இல் பன்னிரண்டு, பதினாலு பவுண்டு பறவை உட்காரும்.

ஆட்டுக்கறிக்கு ஒரு எச்சரிக்கை. ஹலால் கடையில் "ஒரு தொடை" என்று வாய் திறப்பதற்குள் ரம்பம் ஓடிக் குழம்புத் துண்டாகிவிடும். "வெட்டாதீங்க பாய், முழுசா வேணும்" என்று முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள். வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு, புகையில் காய்ந்துபோகும். தோள்பட்டையை வாங்கி, மூன்று மணி நேரம் புகை கொடுத்தபின் அலுமினியத் தாளில் சுற்றி வேகவைப்பது பாதுகாப்பு. செம்மறி இன்னும் வசதி.

சைவம் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்களே?

கத்திரிக்காயைப் புகையில் சுட்டு கொத்சு செய்து பாருங்கள், பிறகு பேசுவோம். எப்போதும் மேல் தட்டு காய்கறிக்கு, கீழ்த் தட்டு கறிக்கு. பச்சைக் கறியின் நீர் காய்கறி மேல் சொட்டக் கூடாது. ஒரே அடுப்பே ஆகாது என்கிற வீடாக இருந்தால், அதை ஸ்மோக்கர் அளவு தீர்க்காது.

ஏற்கெனவே 22 அங்குல கெட்டில் கிரில் இருக்கிறது. தனியாக ஸ்மோக்கர் வேண்டுமா?

உடனே வேண்டாம். ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் 1952இல் சிகாகோவில் மிதவை செய்கிற பட்டறையில், மிதவைக்கான உலோகக் கோளத்தை இரண்டாக்கிச் செய்த அடுப்புதான் அந்த கெட்டில். மூடியும் காற்றுத்துளையும் உள்ள எதையும் ஸ்மோக்கராக்கலாம். பிரிக்கெட்டை விளிம்பை ஒட்டி இரண்டிரண்டாக அடுக்கி, பாம்பு போல முக்கால் வட்டம் சுற்றி, ஒரு முனையில் மட்டும் தணல் வையுங்கள். ஆறு மணி நேரம் அமைதியாக ஊர்ந்து எரியும். நடுவில் ஒரு தோள்பட்டை. இதை நாலு தடவை செய்தும் ஆசை அடங்கவில்லை என்றால் அப்போது 18.

பேரல், கமாடோ, பக்கவாட்டில் தீ மூட்டும் பெட்டி உள்ளவை, இவற்றுக்கும் இதே கணக்குதானா?

இல்லை. பிட் பேரல் போன்றவற்றில் கறியைக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அங்கே தட்டின் அகலத்தைவிடப் பீப்பாயின் ஆழம்தான் முக்கியம், 18.5 அங்குலப் பீப்பாயிலேயே எட்டு விலா அடுக்குத் தொங்கும். இடம் குறைவு, கூட்டம் அதிகம் என்கிற வீட்டுக்கு இதை நான் தாராளமாகச் சொல்வேன்.

முட்டை வடிவப் பீங்கான் அடுப்பான கமாடோவில் என் வாதம் தலைகீழாகும். சுவர் தடிமன், சூடு வெளியே போவதில்லை, கரி மிகக் குறைவாகத்தான் தின்னும். அங்கே பெரிதாக வாங்குவதில் கரி நஷ்டம் பெரிதாக இல்லை. பர்ஸும் முதுகும்தான் நஷ்டம். பிக் கிரீன் எக் என்ற கமாடோவின் 'லார்ஜ்' என்பதே 18.25 அங்குலத் தட்டு, எடை 70 கிலோவுக்கு மேல்.

பக்கத்தில் தீ மூட்டும் பெட்டி ஒட்டிய நீள அடுப்பு டெக்ஸஸின் பெருமை. பார்பெக்யூ கடைகளில் பார்ப்பது தடித்த இரும்பு, ஓக் விறகு. அதையே மெல்லிய தகரத்தில் மலிவாகச் செய்து கரிக்கு விற்பதை வாங்காதீர்கள். நீளம் பார்க்க அழகாக இருக்கும். தீ எரிகிற ஓரம் கருகும், மறு ஓரம் வேகாது. வாங்கிய நீளத்தில் பாதிதான் உங்களுக்குப் பயன்படும்.

அபார்ட்மென்ட் பால்கனியில் சின்னதை வைக்கலாமா?

அளவு இங்கே பேச்சே இல்லை. அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் தீத்தடுப்பு விதியின்படி, எரியக்கூடிய பால்கனியிலோ எரியக்கூடிய கட்டடத்திலிருந்து பத்து அடிக்குள்ளோ கரி அடுப்பு மூட்டக் கூடாது. தனி வீடுகளுக்கும், பால்கனி உட்படத் தீயணைப்புத் தெளிப்பான் உள்ள கட்டடங்களுக்கும் விலக்கு உண்டு. வாடகை ஒப்பந்தத்தையும் படியுங்கள். மழை என்று கராஜுக்குள் இழுக்கவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதற்கு வாசனை கிடையாது.

பழையது கிடைத்தால் வாங்கலாமா?

தாராளமாக. போகும்போது அளவு நாடா எடுத்துக்கொண்டு போய்த் தட்டை அளந்து பாருங்கள், விற்கிறவருக்கே அளவு தெரியாது. மூடியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது தட்டினால், ஆடினால், உடம்பு வட்டமாக இல்லை என்று அர்த்தம், காற்று புகும். பக்கத்துக் கதவு சற்று வளைந்திருப்பது சகஜம், கையாலேயே நிமிர்த்தலாம். உள்ளே கறுப்பாகப் பளபளப்பது நல்ல எண்ணெய்ப் பசை. வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சை, ஒரு தடவை வெறும் தீ மூட்டிச் சுட்டெடுத்துத் துடைத்தால் போகும். தூக்கியும் பாருங்கள். 18 ஏறத்தாழ 18 கிலோ, ஒருவரே தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். 22 ஏறத்தாழ 30 கிலோ. மச்சானைக் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பிரிஸ்கெட்டில் கை வைக்காதீர்கள். எலும்போடு ஒரு பெட்டி கோழித் தொடை வாங்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி இரண்டு தட்டிலும் பரப்புங்கள். மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் சூடு எவ்வளவு வித்தியாசம் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.